தானே நுரைப்பது: கள்ளிறக்கும் கைவினையும் அதன் சொற்களும்

புக்கிட் ரோத்தான் என்னும் மலாய்ப் பெயருக்குப் பிரம்புக் குன்று என்பது பொருள். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் இவ்வாறு மரமும் கொடியும் பெயராகிய ஊர்கள் பல. அவற்றுள் தமிழ் பயில்வோர் அறிந்திருக்க வேண்டிய ஒரு பெயர், பெஸ்தாரி ஜெயாவை அடுத்துள்ள தென்னமரம் தோட்டம். ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1917இல் இந்நாட்டின் முதல் வணிகமுறைச் செம்பனைப் பயிரை நட்டது அத்தோட்டத்தில்தான். நாட்டின் பொருளியலையே மாற்றிய ஒரு பயிரின் வரலாறு, மற்றொரு மரத்தின் தமிழ்ப் பெயரைத் தாங்கிய மண்ணில் தொடங்கியிருக்கிறது. இவ்வட்டாரத்தை இன்று சுற்றி வருவோர் கண்ணுக்குச் செம்பனையே வரிசை வரிசையாகத் தெரியும். முன்னைத் தலைமுறையினர் இங்கே கண்டவை கித்தா மரங்களும், கடலை நோக்கிச் செல்லச் செல்லத் தென்னைகளுமாகும்.

தென்னையிலிருந்து இறக்கப்படும் கள்ளைப் பற்றி ஒரு மொழியவையில் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சிலருக்கு வருத்தமாகவும் இருக்கலாம். அவ்வருத்தத்திற்குப் போதிய காரணம் உண்டு. அதற்குப் பின்னர் வருவேன். முதலில் இப்பொருளின் இயல்பை விளக்குதல் வேண்டும்.

இன்றைய பீர் ஆலைகளில் தானியச் சாற்றைக் கொதிக்கவைத்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஒரேவகை ஈஸ்ட்டை அளந்து சேர்க்கின்றனர். எந்த நாட்டில் காய்ச்சினாலும், எந்த மாதத்தில் காய்ச்சினாலும் சுவை மாறாது. இதற்கு முற்பட்ட முறை வேறு. மனிதர் எதையும் சேர்க்காமல், காற்றிலும் மரத்திலும் கலத்திலும் ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் தாமாகவே இனிப்பை நொதிக்கச் செய்யும் முறை அது. அதைத் தன்னியல்பு நொதித்தல் எனலாம். நம் வீடுகளில் இரவில் கரைத்துவைத்த இட்லிமாவு விடியலில் பொங்கி நிற்பதும் இவ்வகையே. மாவில் நாம் இடுவது உப்பு ஒன்றே. புளிக்கவைக்கும் உயிர்கள் உளுந்தோடு ஒட்டிவந்தவை.

மலாய்க்காரர் தாப்பாய் செய்யும் முறை இதனின்று வேறுபட்டது. வெந்த சோற்றிலோ மரவள்ளிக் கிழங்கிலோ அவர்கள் ‘ராகி’ என்னும் காய்ந்த வில்லையைப் பொடித்துத் தூவுவர். அரிசிமாவும் மணப்பொருள்களும் சேர்த்துப் பிசைந்து நுண்ணுயிர்களை வளரவிட்டு உலர்த்திய வில்லை அது. மலாய் ராகியையும் தமிழர் உண்ணும் கேழ்வரகான ராகியையும் மாணவர் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒலி ஒன்றாயினும் பொருள் தொடர்பற்றது. தாப்பாய்க்கு உயிர்வித்து கையால் இடப்படுகிறது. கள்ளுக்கு அதுவும் இல்லை.

தன்னியல்பு நொதித்தலை இன்றும் பெருமையோடு போற்றும் ஓர் இடம் பெல்ஜியம். பிரஸ்ஸல்ஸ் நகரிலும் அதனை ஒட்டிய சென் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் லாம்பிக் என்னும் பீர் காய்ச்சப்படுகிறது. முளைகட்டிய வாற்கோதுமையோடு முளைகட்டாத கோதுமையும் சேர்த்து வடித்த சாற்றைக் கொதிக்கவைத்து, மேல்மாடத்திலுள்ள அகன்ற, ஆழமற்ற, திறந்த தொட்டியில் ஊற்றி ஓர் இரவு முழுதும் ஆறவிடுகின்றனர். குளிர்ந்த காற்று தொட்டியின்மேல் படிந்து செல்கையில் அவ்விடத்து நுண்ணுயிர்கள் சாற்றில் இறங்குகின்றன. பின்னர் அது மரப்பீப்பாய்களில் ஓராண்டோ ஈராண்டோ மூன்றாண்டோ கிடக்கும். பீப்பாயின் மரத்துளைகளிலும் பழைய ஈஸ்ட்டுகள் வாழ்கின்றன. வெப்பக் காலத்தில் வேண்டாத உயிர்கள் மிகுமாதலால் அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான குளிர்மாதங்களிலேயே காய்ச்சுவர். கூரையடியில் படிந்த ஒட்டடையைத் துடைக்கவும் சில ஆலையார் தயங்குவர் என்பது அங்கே பலரும் அறிந்த செய்தி. 2016இல் பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ நிறுவனம் மானுடத்தின் தொட்டுணர முடியாத மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

இதைச் சொல்லும்போது எனக்குப் பெரும்பாணாற்றுப்படை நினைவுக்கு வருகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மேல் பாடிய அந்நூலில் வலைஞர் குடியிருப்பைக் காட்டும் பகுதி உண்டு. அங்கே ஒரு மதுவின் செய்முறை படிப்படியாகச் சொல்லப்படுகிறது. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். அக்களியை வாயகன்ற பிழா என்னும் கொள்கலத்தில் பரப்பி ஆறவிடுகின்றனர். பின்னர் ‘நல்லடை’ ஒன்றைக் கலக்கின்றனர். உரைகாரர் அதனை முளையென்று கொண்டனர். வலிய வாயையுடைய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்தபின், முற்ற விளைந்ததை விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கின்றனர்.

ஆசிரியர்கள் இப்பகுதியை நடத்தும்போது அறிவியல் ஆசிரியரையும் வகுப்பிற்கு அழைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. அரிசியின் மாவுப்பொருளை ஈஸ்ட்டால் நேராக உண்ண இயலாது. முளையிலுள்ள நொதிகள் மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைத்துத் தருகின்றன. வாற்கோதுமை முளையை உலகெங்கும் பீருக்குப் பயன்படுத்துவது இதற்காகவே. கொதிக்கும் களியில் முளையை இட்டால் அந்நொதிகள் வெந்து கெடும். ஆகவே முதலில் ஆற்ற வேண்டும். வாய் அகன்ற கலத்தில் பரப்பினால் விரைந்து ஆறும். காற்றும் நன்கு படும். ஈஸ்ட்டென்று எதுவும் பாட்டில் கூறப்படவில்லை. காற்றிலும், பிழாவிலும், முன்பு பலமுறை பயன்பட்ட சாடியிலும் அது இருந்தது. பெல்ஜியத்து அகன்ற தொட்டியும் நம் பிழாவும் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்திருக்கின்றன.

நெல்லால் சமைத்த இத்தகைய மதுவுக்குத் தமிழில் தோப்பி என்று ஒரு பெயர் இருந்தது. பிழிந்தெடுத்தது பிழி, தெளிந்தது தேறல், நறவு, மட்டு என்னும் பெயர்களும் வழங்கின. இன்று தோப்பி காய்ச்சத் தெரிந்த தமிழ்க் குடும்பம் எதையும் நான் கண்டதில்லை. நூலில் சொல் இருக்கிறது. அதைச் செய்த கை மறைந்துவிட்டது. கள்ளின் நிலை இதற்கு நேர்மாறானது. செய்த கைகள் நம் காலம்வரை வந்திருக்கின்றன. அக்கைகளின் சொற்கள்தாம் நூலேறவில்லை. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்காகவே இப்பொழிவை எடுத்துக்கொண்டேன்.

கள்ளிறக்குவதைப் பலர் மரமேறுவதென்று மட்டும் எண்ணுகின்றனர். மரத்தின்மேல் நடப்பதே தொழில். தென்னையின் பூங்கொத்து, பாளைக்குள் மூடியிருக்கும்போதே அதனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விரிந்துவிடாதபடி பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டுவர். பின்னர் பல நாள், காலையும் மாலையும், சிறிய கட்டையால் அதனை மெல்லத் தட்டுவர். வன்மையாகத் தட்டினால் உள்ளே பூக்கள் நசுங்கி அழுகும். தட்டாவிட்டால் சாறு ஊறாது. நாளுக்கு நாள் பாளையைச் சிறிது சிறிதாகக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டுவர். நுனியை மெல்லிய சீவலாகச் சீவச் சீவ ஒருநாள் சாறு சொட்டத் தொடங்கும். அதன்பின் நாள்தோறும் இருமுறை ஏறிப் பாளையைச் சீவி, நிறைந்த கலயத்தை இறக்கி, வெறுங்கலயத்தைக் கட்ட வேண்டும். சீவத் தவறினால் வெட்டுவாய் காய்ந்து சாறு நின்றுவிடும். மழைநாளும் திருநாளும் இத்தொழிலுக்கு இல்லை.

சொட்டும் சாறு தெளிந்த இனிப்பு நீர். நூற்றுக்கு ஏறத்தாழ 15 பங்கு சர்க்கரை அதில் உண்டு. ஆனால் கலயத்தில் விழும் முதல் துளியே நுண்ணுயிர்களின் மீது விழுகிறது. ஈஸ்ட்டுகள் சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. அதனால் நுரை எழுகிறது. வேறு பாக்டீரியாக்கள் புளிப்பைத் தருகின்றன. ஒரு நாளுக்குள் சாராய அளவு நூற்றுக்கு 4 முதல் 6 பங்கை எட்டும். மேலும் வைத்திருந்தால் அசெட்டிக் அமில பாக்டீரியாக்கள் சாராயத்தைக் காடியாக்கிவிடும். காலையில் இனிப்பு, மாலையில் கள், மூன்றாம் நாள் காடி என்று ஒரே கலயத்தில் மூன்று பொருள்கள் அடுத்தடுத்து நிகழ்கின்றன. லாம்பிக்கைப் போல ஆண்டுக்கணக்கில் வைத்துப் போற்ற இதனால் இயலாது. ஊரின் எல்லைக்குள்ளேயே பிறந்து அங்கேயே தீர்வது கள். அதனைப் பாதுகாப்பது கடினமாவதற்கு இதுவே முதற்காரணம்.

நொதிக்காமல் இனிப்பாகவே வேண்டுமென்றால் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவர். சுண்ணாம்பின் காரத்தன்மையில் நுண்ணுயிர்கள் செழிக்க மாட்டா. அவ்வாறு கிடைப்பது பதநீர். மலாயில் நீரா என்பர். இதைக் காய்ச்சி இறுக்கினால் நாம் கடைகளில் வாங்கும் குலா மலாக்கா கிடைக்கும்.

தோட்டத்தில் வளர்ந்த மாணவர்களுக்கு இங்கே ஓர் ஒப்புமையைச் சொல்லலாம். கித்தா மரத்தில் பால் வெட்டுவோர் பட்டையை மெல்லியதாகச் சீவி, வழியும் பாலை மங்கில் ஏந்துவர். அப்பாலையும் பாக்டீரியாக்கள் புளிக்கச் செய்து கட்டியாக்கிவிடும். அது நீர்மமாகவே ஆலைக்குப் போகவேண்டுமானால் அமோனியா சேர்ப்பர். கலயத்துச் சுண்ணாம்பும் பாலில் இடும் அமோனியாவும் காரங்களே. இரண்டும் புளிப்பைத் தடுக்கவே இடப்படுகின்றன. வேதியியல் பாடத்திற்கு இதனினும் அண்மையான எடுத்துக்காட்டு இவ்வட்டாரத்தில் கிடைப்பது அரிது. ஆங்கிலம் இவ்விரு தொழிலையும் ஒரே சொல்லால் குறிக்கும். தமிழ் ஒன்றைப் பால்வெட்டு என்றது. மற்றொன்றைப் பாளை சீவுதல் என்றது. மலாய் மங்கோக் என்னும் சொல் மங்கு ஆகவும், கெத்தா என்பது கித்தாவாகவும் தோட்டத் தமிழில் உருமாறியதும் இத்தொழில்களின் வழியேதான்.

இனி, முன்னர்க் குறிப்பிட்ட வருத்தத்திற்கு வருகிறேன். தமிழகத்துச் சிற்றூரில் கள் ஓர் உணவாகவும் குடியாகவும் இருந்தது. அங்கும் கேடு செய்தது. திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே உண்டு. ஆனால் மலாயாத் தோட்டத்தில் கள் வேறொரு வடிவம் பெற்றது. தோட்ட எல்லைக்குள்ளேயே கள்ளுக்கடை அமைந்தது. மாலையில் பெற்ற கூலியின் ஒரு பகுதி அக்கடைக்கே திரும்பியது. கடை இலாபத்திலிருந்து தொழிலாளர் நலனுக்கென நிதி ஒதுக்கப்பட்டதும் உண்டு. தன்னைக் குடிக்கவைத்த காசில் தனக்கு நன்மை செய்யப்படுவதைத் தொழிலாளி நன்றியோடு பார்க்க வேண்டுமென எதிர்பார்க்கப்பட்டது. லயத்து வீடுகளில் அடுப்பு எரியாத இரவுகளைப் பெண்கள் நினைவில் வைத்திருக்கின்றனர்.

ஆகவே எதிர்ப்பும் தோட்டத்திற்குள்ளிருந்தே எழுந்தது. 1941இல் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வு, கல்வி, மதிப்பான நடத்துகை ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூடுதலும் ஒரு கோரிக்கையாக இருந்தது. அவ்வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது, நாதன் கைது செய்யப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, உயிர்களும் போயின. போருக்குப் பின் 1947இல் கெடாவில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்தது. கூலி கேட்ட அதே வாயால் கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்கள் நம் பாட்டன்மார். அவர்கள் செய்தது சரி என்றே கருதுகிறேன். பெல்ஜியத்தார் தம் பீரைப் போற்றுவதுபோல நாமும் கள்ளைப் போற்ற வேண்டும் என்று எவரேனும் எளிதாகக் கூறினால், இவ்வரலாற்றை அவர் படிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். சென் ஆற்றங்கரையில் மதுவைக் காய்ச்சியவரும் குடித்தவரும் தம் ஊரின் உரிமையாளர்களாக இருந்தனர். தோட்டத்தில் காய்ச்சலும் விற்பனையும் குடியும் பிறர் கணக்கில் நடந்தன.

ஆனால் கடையின்மேல் கொண்ட சினம் கைவினையின்மேலும் படிந்துவிட்டது. மரமேறியவர்கள் தமிழகத்திலும் ஈழத்திலும் சாதியின் பெயரால் தாழ்த்தப்பட்டவர்கள். இங்கும் அவ்விழிவு முற்றும் நீங்கவில்லை. குடிப்பவரைப் பழிப்பதும் இறக்குபவரைப் பழிப்பதும் ஒன்றாயின. மகன் அத்தொழிலுக்கு வருவதைத் தந்தையே விரும்பவில்லை. கித்தாவும் தென்னையும் செம்பனைக்கு இடங்கொடுத்தபோது, தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடியிருப்புகளானபோது, கள்ளிறக்குவோர் ஓசையின்றிக் குறைந்தனர். செம்பனையிலும் பாளைச்சாறு உண்டு. மேற்கு ஆப்பிரிக்கர் அதிலிருந்து கள்ளிறக்குகின்றனர். இங்கே எண்ணெய்க் குலையையே எண்ணி நட்ட மரத்தில் எவரும் பாளை சீவ முன்வரவில்லை.

பிற இடங்களில் நிகழ்ந்தவற்றையும் சுருக்கமாகக் காண்போம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளிறக்கி விற்பதற்குத் தடை நீடிக்கிறது. ஆலை மது விற்கப்படும் நாட்டில் கள்ளுக்குமட்டும் தடை ஏன் என்று உழவர்கள் கேட்டுவருகின்றனர். கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் உள்ளன. இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை 1978இல் அமைந்தது. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கங்கள் வழியே கள் சேகரிக்கப்பட்டுப் புட்டியில் அடைத்தும் விற்கப்படுகிறது. புட்டியில் அடைப்பதற்குச் சூடேற்றி நுண்ணுயிர்களைக் கொல்ல வேண்டும். அப்போது நுரைத்துக்கொண்டே மாறும் இயல்பு நின்றுவிடும். தொழிலாளிக்கு நிலையான விலை கிடைக்கிறது என்பதால் அதனைக் குறைகூற எனக்கு மனமில்லை. எனினும் பாதுகாக்கப்பட்டது கள்ளின் ஒரு கணமே என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

பாதுகாக்க வேண்டியது மதுவன்று என்று முடிவு செய்தாலும், கைவினையின் பெரும்பகுதி அப்படியே எஞ்சுகிறது. பாளை தேர்தல், கட்டுதல், தட்டுதல், வளைத்தல், சீவுதல் ஆகியவை பதநீருக்கும் வெல்லத்துக்கும் காடிக்கும் வேண்டியவையே. ஆப்பமாவைக் கள் ஊற்றிப் பொங்கவைத்த வழக்கமும் இதனோடு சேர்ந்தது. இவற்றுக்கெல்லாம் உரிய சொற்கள் தொழிலாளியின் வாயில் மட்டும் உள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அதில் தோப்பிக்கு இடமுண்டு. கோலசிலாங்கூர்த் தென்னையில் பாளை சீவியவர் தம் நாள்வேலையில் வழங்கிய சொற்களுக்கு அங்கே இடம் எவ்வாறு கிடைத்திருக்கும்? கி. ராஜநாராயணன் தம் கரிசல் மண்ணின் சொற்களைத் தொகுத்து 1982இல் வட்டாரச் சொல்லகராதியாக வெளியிட்டார். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியராக அப்பணியைத் தொடங்கவில்லை. ஊராரோடு பேசத் தெரிந்தவராகத் தொடங்கினார். நம் தோட்டத் தமிழுக்கு அத்தகைய பணி கைவினை வாரியாக நடைபெற வேண்டும்.

பள்ளி மாணவர்கள் இதில் ஈடுபடலாமா என்ற ஐயம் ஆசிரியர்களுக்கு எழக்கூடும். மது பற்றிய பாடமாக அன்றி, மரமும் கருவியும் சொல்லும் பற்றிய களப்பணியாக இதனை நடத்தலாம். பெற்றோரிடம் முன்கூட்டியே விளக்கிவிடுவது நலம். பெரியவரிடம் சென்று “கள்ளிறக்கும் சொற்களைச் சொல்லுங்கள், தாத்தா” என்றால் அவர் சிரித்துவிட்டு வேறு பேசுவார். சொல் தனியே நினைவுக்கு வராது, வேலையோடுதான் வரும். மரத்தடியில் நின்று, “காலையில் முதலில் எதைக் கையில் எடுப்பீர்கள்? அதை எங்கே கட்டிக்கொள்வீர்கள்? பிறகு?” என்று வரிசையாகக் கேட்க வேண்டும். அவர் சொல்லும் வடிவத்தையே எழுத வேண்டும். செந்தமிழாக்கித் திருத்தக் கூடாது. மலையாளச் சொல்லோ மலாய்ச் சொல்லோ கலந்து வந்தால் அதுவும் வரலாறே. தோட்டங்களில் கள்ளிறக்கியவருள் மலையாளிகளும் இருந்தனர். ஒலிப்பதிவு செய்தால் மேலும் நன்று. அதே வீட்டுப் பாட்டியிடமும் தனியே கேட்க வேண்டும். கள்ளுக்கடையைப் பற்றி அவர் வழங்கும் சொற்கள் முற்றிலும் வேறாக இருக்கும். அவையும் அத்தொகுப்பில் சேரவேண்டியவையே.

ஒரு சொல்லை நானே தேடிக்கொண்டிருக்கிறேன். தட்டத் தட்டப் பாளையின் ஒலி மாறும் என்பர். சாறு ஊறிவிட்டதை, சீவிப் பார்ப்பதற்கு முன்பே, அவ்வொலி மாற்றத்தால் தேர்ந்தவர் அறிந்துகொள்வார். கட்டை விழும்போது முதல்நாள் எழும் ஒலிக்கும் பத்தாம் நாள் எழும் ஒலிக்கும் அவர் வைத்த பெயர்கள் யாவை? புக்கிட் ரோத்தானிலோ ஜெராமிலோ சுங்கை பெசாரிலோ அவற்றைச் சொல்லக்கூடிய ஒருவர் உங்கள் தெருவில் இருக்கக்கூடும். கேட்டு, அவர் சொன்னவாறே எழுதி அனுப்புங்கள்.